மெத்தைக்கடைக்காரரின் மஞ்சள் வண்டி

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக மெத்தைக்கடை நடத்துபவர் அவர். வயது நாற்பத்தேழு, கொஞ்சம் தொப்பை, நிறையக் குரல். கடைக்குள் யார் நுழைந்தாலும் எடுத்ததும் விலை சொல்ல மாட்டார். "ராத்திரி எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்பார். அவர்கள் யோசிக்கத் தொடங்கியதும், "முதுகைக் கவனிக்காம வேற எதைக் கவனிச்சு என்ன பிரயோஜனம்?" என்பார். மேசைமேல் ஒரு கம்பியில் முதுகுத்தண்டின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று தொங்கும். எந்தக் கணு எப்படிப்பட்ட மெத்தையால் கெடும் என்று பென்சிலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். பார்ப்பவர்களுக்கு அங்கேயே லேசாக வலிக்க ஆரம்பிக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

எல்லாம் கல்லூரி நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் வந்த வினை. ஒருவன் கப்பல் கம்பெனியில் அதிகாரியாம், இன்னொருவன் இதய டாக்டராம். "நீ என்னப்பா பண்றே?" என்று இவரைக் கேட்டார்கள். "மெத்தை" என்றார். "ஓ, மெத்தையா!" என்று சொல்லிவிட்டு, கேட்டவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான். அந்த "ஓ" அவர் காதுக்குள் இரண்டு மாதம் குடியிருந்தது. மூன்றாம் மாதம் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. எலுமிச்சை மஞ்சள். இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகுமாம்.

வீட்டிலிருந்து கடைக்கு நாலரை கிலோமீட்டர். நடுவில் பதினான்கு வேகத்தடை, மூன்று சிக்னல், ஒரு பள்ளிக்கூடம். காலையில் கிளப்பினால் வண்டி தெருவே அதிர உறுமும். உறுமிவிட்டு, எதிர்வீட்டுக்காரர் வந்து குப்பைத்தொட்டியை நகர்த்தும்வரை சாதுவாகக் காத்திருக்கும்.

முதல் நாள் மனைவி கூட வந்தார். ஏறினார் என்று சொல்ல முடியாது, குழிக்குள் இறங்குவதுபோல் இறங்கினார். மளிகைப் பையை வைக்க இடமில்லாததால் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி வழியே அவருக்குத் தெரிந்ததெல்லாம் லாரிச் சக்கரமும் நடந்து போகிறவர்களின் செருப்பும்தான்.

"ஏங்க, வழியில யாராவது நம்ம முகத்தைப் பார்த்தாங்களா?"

"வண்டியைப் பார்த்தாங்களே!"

"அதத்தான் கேக்கறேன்."

மறுநாளிலிருந்து மனைவி தன் பழைய ஸ்கூட்டருக்கே திரும்பிவிட்டார். கணவர் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துக் கிளம்புவார். அவர் வந்து சேர்வதற்குள் கடை ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, டீயும் குடித்து முடித்திருப்பார்.

கடையின் டெலிவரி வேனை ஓட்டுவது மனைவியின் தம்பி. முதல் வாரம் முழுக்க அவனுக்கு வேறு வேலை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வேனிலிருந்து இறங்கி ஓடிவந்து, குனிந்து, மஞ்சள் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்ப்பான். "வாங்க மாமா, வாங்க... ரெண்டு விரல் இடம் இருக்கு... இன்னும் வாங்க... ஐயோ, போச்சு மாமா!" பின்னால் நிற்கும் பேருந்து ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையையே எடுக்க மாட்டார்.

நல்ல நாளும் ஒன்று வராமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஊருக்கு வெளியே புறவழிச்சாலை காலியாகக் கிடந்தது. மிதித்தார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது, மரங்கள் ஒரே பச்சைக் கோடாக ஓடின. மெத்தைக்கடைக்காரர் தன்னை மறந்து கத்தினார். அந்தச் சந்தோஷத்தில் பொய்யே இல்லை. சரியாகப் பதினோரு நொடி. அதற்குள் சுங்கச்சாவடி வந்துவிட்டது. சீட்டு கொடுக்கும் ஜன்னல் அவர் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, கையைத் தூக்கினார். உள்ளே இருந்த பெண் எட்டிப் பார்த்து, "யாரு சார் கீழ?" என்று கேட்டாள்.

வண்டி வாங்கிய நாலாவது மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வண்டிக்கு ஸ்பிரிங் என்று ஒன்று உண்டா என்பதே அவருக்குச் சந்தேகம். சாலையில் கிடக்கும் சின்னக் கல்லும் நேராக முதுகில் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகும். ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் ஒரு டீச்சரும் அவர் கணவரும் மெத்தை பார்க்க வந்தார்கள். "இதே மெத்தைதாங்க என் வீட்லயும். தினமும் இதுலதான் படுக்கறேன்" என்று பெருமையாகச் சொல்லி, அமுக்கிக் காட்டக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தவர்தான். நிமிர முடியவில்லை.

டீச்சர் அவரைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். "சார்... இதுலயா படுக்கறீங்க?"

வாசலில் பளபளவென்று நிற்பதைக் கைகாட்டி, "மெத்தை இல்லம்மா, அந்தச் சனியன்தான் காரணம்" என்று சொல்லியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. "வயசாகுதில்ல" என்றார், குனிந்தபடியே.

"யோசிச்சிட்டு வரோம் சார்."

யோசிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. நாலு கடை தள்ளியிருந்த இன்னொரு மெத்தைக்கடையில், "அங்க முதலாளிக்கே நிமிர முடியலையாம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். சுத்தப் பொய் என்றும் சொல்ல வழியில்லை.

மனைவி அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனார். அங்கேயும் மஞ்சள் வண்டியில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, போய்ச் சேர்ந்ததும் காவலாளியின் கையைப் பிடித்து எழுந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எந்த மாதிரி மெத்தையில படுக்கறீங்க?"

"எங்க கடையிலயே உசத்தியானதுங்க."

"முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க."

"சரிங்க டாக்டர்" என்று தலையாட்டினார் மெத்தைக்கடைக்காரர்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமா நமக்குச் சோறு போடற மெத்தை. அது மேல பழி விழுது, நீங்க பாட்டுக்குத் தலையாட்டறீங்களே! டாக்டர், கொஞ்சம் அந்த ஜன்னல் வழியாப் பாருங்க."

டாக்டர் எழுந்து போய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "அது உங்க வண்டியா?" என்று கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. "தினமும் ஓட்டறீங்களா? டிராஃபிக்ல தொந்தரவு இல்லையா?"

"ஒரு தொந்தரவும் இல்லைங்க. அருமையா ஓட்டலாம்" என்றார், இடுப்பில் கை வைத்தபடி.

மனைவி எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஒரு சுற்று போய்வந்தே தீருவேன் என்றார். போய்வந்தவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. திரும்பி வந்து மருந்துச் சீட்டில் ஒரு வரி சேர்த்தார்: "மெத்தையை மாற்ற வேண்டாம்."

இரண்டு நாளில் கடைச் சுவரில் ஒரு பலகை ஏறியது. மனைவி எழுத வைத்தது: "எங்கள் முதலாளியின் முதுகு வலிக்குக் காரணம் எங்கள் மெத்தை அல்ல. வாசலில் நிற்கும் மஞ்சள் வண்டி."

"கழட்டு அதை! என் மானம் போகுது."

"போகட்டும். மெத்தையோட மானம் நிக்கணும்."

பலகையைப் படித்தவர்கள் சிரித்தார்கள், வெளியே போய் வண்டியைப் பார்த்தார்கள், மறுபடி உள்ளே வந்து மெத்தை வாங்கினார்கள். போகும்போது அவர் தோளைத் தட்டி, "உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்றார்கள். அதுதான் அவரைக் கொன்றது. ஊர் பொறாமைப்படட்டும் என்று வாங்கின வண்டிக்கு ஊர் பரிதாபப்பட்டது.

அந்த நேரத்தில் டாக்டர் தாமாகவே மூன்று முறை போன் செய்தார். வண்டி அவர் கைக்கு மாறியது. "பாவம்க்கா, டாக்டர் முதுகு என்னாகும்?" என்று மச்சினன் கேட்டதற்கு, "டாக்டருக்குத் தெரியாததா?" என்று அக்கா அவன் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது மெத்தைக்கடைக்காரர் உயரமான, சாம்பல் நிற, ஐந்து பேர் உட்காரும் காரில் போகிறார். வேகத்தடை வந்ததே தெரிவதில்லை. முதுகு நேராகிவிட்டது. போன வாரம் சிக்னலில் பக்கத்தில் ஒரு உறுமல் கேட்டது. குனிந்து பார்த்தார். கீழே டாக்டர், இடுப்பில் முதுகுவலி பெல்ட் கட்டியிருந்தார்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"பிரமாதம்!" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பச்சை விழுந்தது. மஞ்சள் வண்டி கர்ஜித்து, பத்தடி பாய்ந்து, தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றது. நடைபாதையில் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பல் நிறக் காரை ஒருவரும் பார்க்கவில்லை. மெத்தைக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. கடைக்கு வந்தும், வாசலில் மஞ்சள் வண்டி முன்பு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, மறுபடி முதுகா?" என்று மனைவி கேட்டார். "இல்ல" என்றார், அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.