ஷோரூமில் கேட்ட கல்யாணக் கேள்வி

இன்று செஞ்சியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் எனக்கு நேர்காணல்.

சுவீடனில் குழந்தை பிறந்தால் அப்பாவும் மாதக்கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு எடுப்பாராம். பஸ்ஸில் வரும்போது போனில் படித்தேன்.

முதலாளி என் சான்றிதழைப் புரட்டினார். "கல்யாணம் ஆனா புள்ள, குட்டின்னு லீவு கேப்ப. இன்னாமா, சரிதானே?"

தலையாட்டிவிட்டு அறைக்கு வெளியே வந்துவிட்டேன்.

அதே வேலைக்கு வந்து, அடுத்து உள்ளே போன அவலூர்பேட்டைக்காரர் சிரித்தபடி வெளியே வந்தார். "உங்களையும் கல்யாணத்தப் பத்திக் கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாருங்க. அடுத்த மாசம் கொழந்த பொறக்குதுன்னேன். அப்டின்னா பொறுப்பா இருப்ப, திங்கக்கெழம வந்துடுன்னுட்டாரு."

பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். சிங்கவரம் வழியாகப் போகும் பஸ் இரண்டு போய்விட்டன. ஏற மனமில்லை.

சுவீடனாக இருந்தால் அந்த அவலூர்பேட்டைக்காரரும் லீவு கேட்டிருப்பார். அப்போது முதலாளி யாரைச் சேர்த்திருப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.