ஒரு காலில் சலங்கை, மறு காலில் பூட்ஸ்

எனக்கு இருப்பது இரண்டே கால்கள் என்பது, ஒன்றில் சலங்கையும் மற்றதில் பூட்ஸும் மாட்டிக்கொண்டு காமன் கூத்துத் திடலில் நின்றபோதுதான் உறைத்தது.

அட்டன் நகரத்தில் படிப்பை முடித்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த வருடம் அது. பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டேன். மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பந்து விளையாடினேன். யார் எதைக் கேட்டாலும், அவர் கேட்டு முடிக்கும் முன்பே "சரி" என்று சொல்லிவிடும் வாய் எனக்கு. "இது எங்க புள்ள இல்ல, தோட்டத்துப் புள்ள. சோத்துக்கு மட்டும் இங்க வரும்" என்று அம்மா எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேண்டும் என்றார்கள். சிவன் எரித்துவிடும் மன்மதனின் மனைவி. ஆண்தான் சேலை கட்டி ஆட வேண்டும். சரி என்றேன். கையில் காப்புக் கட்டினார்கள். அதற்கு மறுநாளே பந்து டீம் கேப்டன் வந்து, ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் போட்டி என்றான். அதற்கும் சரி என்றேன். காப்புக் கட்டியவர் காமன் எரியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் தவழும் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாய்க்குத்தான் தெரியவில்லை.

பந்துப் பயிற்சி முடிந்து கூத்து ஒத்திகைக்கு ஓடிவந்த அவசரத்தில், சேலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பூட்ஸை மட்டும் கழற்றிச் சலங்கையைக் கட்டியிருந்தேன். அதற்குள் கேப்டன் பின்னாலேயே வந்துவிட்டான். தப்பு மேளம் அடிக்கும் சித்தப்பா என் காலைப் பார்த்துவிட்டு அடியை நிறுத்தினார்.

"என்னடா, ரதி கோல் போட வந்திருக்காளா?"

கேப்டன் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வருவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு."

"வருவான் வருவான்" என்றான் மன்மதனாக ஆடும் பக்கத்து லயத்து நண்பன். "நான் தனியா எரிஞ்சுக்கிறேன்."

சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னால முடியல" என்றேன். பிறந்ததிலிருந்து நான் சொல்லாத வார்த்தை. தோட்டமே அதிர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தேன்.

"இத முன்னாடியே சொன்னா என்ன?" என்றான் கேப்டன். "பாக்டரிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கான். உன்னவிட நல்லா ஓடுவான்." மீதிப் பூட்ஸையும் என் காலிலிருந்து அவனே கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய பூட்ஸ்தான்.

நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சரி, ரதியையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று எழுந்து இரண்டாவது சலங்கையைக் கட்டினேன். வேகமாகச் சுழலும் இடத்தில் வழக்கம்போல் இடறினேன். மறுபடியும் ஆடினேன். மறுபடியும் இடறினேன். இந்த ரதியை நம்பித்தான் கூத்தே இருந்தது. காப்பை அவிழ்த்து இன்னொருவனுக்குக் கட்டவும் வழியில்லை.

மூன்றாவது முறை சுழலத் தெம்பில்லை. சும்மா நடந்தேன். சித்தப்பா என்ன நினைத்தாரோ, அடியைத் தளர்த்தி என் நடைக்குக் கொண்டுவந்தார். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "இப்பத்தான் புருஷன் இருக்கிறவ மாதிரி நடக்குறா. இத்தன நாளும் ரயிலப் புடிக்கப் போறவ மாதிரியில்ல இருந்தா."

காமன் எரிந்த அன்றும் நடந்தேதான் ஆடினேன். இடறவில்லை. ஒப்பாரியில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சித்தப்பா மட்டும் "தொண்ட கட்டிருச்சா?" என்று கேட்டார்.

பந்து டீம் நான் இல்லாமலே கொட்டகலையில் ஜெயித்துவிட்டு வந்தது. கொஞ்சம் தோற்றிருக்கலாம்.

இப்போது மறுபடியும் மாசி வருகிறது. ரதி நானேதான். பந்து விளையாட்டை விட்டுவிட்டேன். மாலை வகுப்பை விடவில்லை. இந்த வாரம் தோட்டத்து நூலகத்தை நடத்தும் வாசிகசாலைக்காரர்கள் என்னைத் தேடி வரப்போகிறார்களாம், எதற்கென்று தெரியாது. அவர்கள் கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.