கோருக்கு ஓர் ஆள்

பல் துலக்குவதற்கு முன்பே கணினியைத் திறந்து, நேற்றிலிருந்து யார் யார் தன் மென்பொருளின் மையப் பகுதியான கோரில் கை வைத்தார்கள் என்று பார்க்கிறார். பனியன், நரைத்த மீசை, நாற்காலியில் ஒரு கால் மடக்கு. அலுவலகம் கிளம்பும்வரை மூன்று மணி நேரம் இப்படித்தான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து இணையக் கடை போடக்கூடிய மென்பொருள் அது. செருப்பு முதல் மெத்தை வரை விற்கும் ஆயிரக்கணக்கான கடைகள் அதில் ஓடுகின்றன. இப்படி ஒரு மனிதர் இருப்பது அந்தக் கடைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நிரலை அடுக்கியிருக்கும் விதத்தில் மனிதருக்குக் கொள்ளைப் பெருமை. கோர் ஃபோல்டருக்குள் கூடை, சரக்கிருப்பு, வரி, கட்டணம். கடைக்காரர்கள் தனியாகக் கேட்கும் வசதியெல்லாம் வெளியே பிளகின் ஃபோல்டரில். நிறமும் எழுத்தும் தீமில். வாடகை வீட்டில் அலமாரி வைத்துக்கொள்ளலாம், சுவரை இடிக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். "பிளகினுக்கு கோரைத் தெரியலாம். கோருக்கு பிளகின் பேரே தெரியக்கூடாது" என்று துக்க வீட்டில்கூட யாரையாவது பிடித்து விளக்குவார். "அப்பா, இது கோரா, பிளகினா?" என்று கேட்டுவிட்டுத்தான் மகள் ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? இன்று ஒரு மெத்தைக் கடைக்காரர் எழுதியிருக்கிறார். அவசரத்துக்கு கோரிலேயே நாலு வரி சேர்த்திருக்கிறார். புதுப் பதிப்பை ஏற்றியதும் நாலும் மாயம். உருப்படுவாயா என்று இவரைத் திட்டியிருக்கிறார். வாரத்துக்கு ஐந்து கடிதம் இந்த மாதிரி. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அந்த நாலு வரியைச் சின்ன பிளகினாக மாற்றி, பேசாமல் அனுப்பிவிடுகிறார். பதிலுக்கு நன்றி வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

தொடங்கியபோது நாலு பேர். ஒருவருக்குப் பதவி உயர்வு, ஒருவருக்கு இரட்டைக் குழந்தை, ஒருவர் சொல்லாமலே மறைந்தார். திரையைக் குறைக்காவிட்டால் இடது கண் தேறாது என்று கண் மருத்துவர் சொல்லி ஆறு மாதமாகிறது.

இரண்டு வருடமாகத் தன் இடத்துக்கு ஒரு பெண்ணைத் தயார்படுத்திவந்தார். நேரில் பார்த்ததில்லை, எழுத்தில் மட்டும் பழக்கம். கோரின் அடுக்கு அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொரு ஃபோல்டராக அவள் பொறுப்பில் விட்டார். மூன்று முடிந்து, கட்டணம் மட்டும் பாக்கி. மாதக் கடைசியில் அதையும் கொடுத்துவிட்டு ஒதுங்குவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மெத்தைக் கடைக்காரருக்குக் கீழே அவள் கடிதம் இருந்தது. புது வேலையில் வெளியே நிரல் எழுதக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். "மன்னிச்சிடுங்கண்ணா. என் பேரை எடுத்துடுங்க."

மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள்.

"விட்டுட்டு வாங்களேன். நீங்க இல்லன்னா என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாது. எல்லாக் கடையும் ஓடும். என்னைக்காவது ஒரு நாள் ஓடாது."

எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு என்ற பட்டியலைத் திறந்து, மூன்று வரிகளில் அவள் பெயரை அழித்தார். சேமிக்கப் பார்த்தால் மறுத்தது. ஆள் இல்லாத ஃபோல்டர் இருக்கக் கூடாதென்று அவரே வைத்த விதி. மனைவி இன்னும் பின்னால் நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், காலியான முதல் வரியில் தன் பெயரைத் தட்டினார். இரண்டாவதிலும் தட்டினார். மூன்றாவதற்கு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.