ஆறு தடவை மாற்றிய தண்ணீர்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மற்ற கொத்தனார்களுக்குக் குமிழி ஓடும் ரசமட்டக் கட்டை வேண்டும். இவருக்கு ஒற்றைக் கண் போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அரை நூல் அந்தப் பக்கம் இறங்கியிருக்கு" என்பார். சந்தேகப்பட்டவன் கட்டையை வைத்துப் பார்த்தால் அரை நூல் இறங்கித்தான் இருக்கும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஒன்பது வயதில் கலவைச் சட்டி தூக்க வந்தார், இருபதில் கரண்டி பிடித்தார், முப்பதில் பத்து ஆளை வைத்து வேலை வாங்கினார். படித்துப் பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மேஸ்திரி, இந்த மூலைய என்ன பண்ணலாம்?" என்று இவர் வாயைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். அது பொய்யில்லை. அவர் கட்டிய தொட்டி ஒன்றுகூட இன்றுவரை ஒழுகியதில்லை. அதுவும் பொய்யில்லை.

அவர் மனைவி அதற்கு நேர்மாறு. நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவள் பேச்சு ஒரு கைப்பிடிக்கு வராது. அவளுக்கென்று இருந்தது மீன்கள்தாம். அதுவும் சாதாரண மீன் இல்லை. முதுகில் துடுப்பே இல்லாமல், வயிறு உருண்டு, வால் இரண்டாய்ப் பிரிந்து, தலையில் பழக்கொத்து போலச் சதை முளைத்த சிங்கத்தலைத் தங்கமீன்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் கண்ணாடி ஜாடிக்குள் திணறிக்கொண்டிருந்த இரண்டை, "பொழைக்காதும்மா, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் கொடுத்தார். அவை பிழைத்தன, முட்டையிட்டன. ஒவ்வொரு தடவையும் பொரியும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் நாலைந்தை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். அப்படிச் சலித்துச் சலித்து எடுத்தவை இப்போது இருபத்திரண்டு இருந்தன. எது எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"எனக்கு ஒரே பொண்ணு. இவளுக்கு மட்டும் இருபத்திரண்டு" என்று மேஸ்திரி வேலை செய்யும் இடத்தில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வாடகை வீட்டுக் கொல்லையில் அந்த மீன்களுக்குத் தொட்டி கட்டியவரும் அவர்தான்.

"ஆழமா வேண்டாங்க. முழங்கால் அளவு போதும், அகலமா இருக்கணும். இதுங்க குண்டு. மேல வந்துட்டுப் போறதுக்குள்ள களைச்சிடும்" என்று அன்றைக்கு அவள் சொன்னாள்.

"சரி."

"மூலை இருக்கக் கூடாது. உள்ள கல்லு கில்லு வைக்காதீங்க. கண்ணு சரியாத் தெரியாது, முட்டிக்கும்."

"மீனுக்கு வீடா, மாமியாருக்கு வீடா?" என்று கேட்டுக்கொண்டே அவள் சொன்னபடி வளைத்துக் கட்டிக் கொடுத்தார். பாதிக்கு நிழல், பாதிக்கு வெயில். அதன் சுவரில் நாளடைவில் பச்சைப் பாசி வெல்வெட் துணி போலப் படர்ந்தது.

பிறகு வாடகை வீட்டுக்காரர் இறந்துபோனார். பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு, மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொன்னார்கள். மேஸ்திரி அசரவில்லை. அவர் தனக்கென்று வாங்கிய நிலத்தில் வீடு ஏற்கெனவே எழும்பியிருந்தது. ஊருக்கெல்லாம் கட்டியவர் முதல்முறையாகத் தனக்குக் கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கடைசி வேலையாக மீன்தொட்டி. அந்தத் தொட்டிக்கு ஓர் ஆளையும் கிட்டே விடவில்லை. வெள்ளைச் சிமெண்ட் பாலை மூன்று பூச்சு கொடுத்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றினார்.

பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒருநாள் அவள் வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மீனுக்கு எப்ப ஆகும்?"

"பத்து நாள் தண்ணி கட்டினா முடிஞ்சுது. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சனமெல்லாம் வீடு பாக்க வருது. அன்னிக்கு மீன் உள்ள ஓடணும்."

"பத்து நாளா? புதுச் சிமெண்ட்டுல காரம் இறங்குமேங்க. ரொப்பி, ஒருநாள் விட்டு, கொட்டி, தேய்ச்சு, மறுபடி ரொப்பி... ஆறு தடவையாவது பண்ணணும். அப்புறம் ரெண்டு சாதா மீன விட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் நான் டிரம்முல வச்சுப் பாத்துக்கறேன்."

"என் வீட்டுக்கு வர்ற சனம் மீன டிரம்முலயா பாக்கணும்? கொத்தனாருக்கே சிமெண்ட் பாடமா?"

"சரி, ஞாயித்துக்கிழமையே விடுவோம். ஆனா ஆறு தடவ கட்டாயம் மாத்திடுங்க. அங்க மீனப் போட்டுட்டு நான் இங்க வந்து நிக்க முடியாது. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

"மாத்திடுறேன், போ."

சொல்லும்போது மாற்றிவிடத்தான் நினைத்தார். முதல் தண்ணீரை நிரப்பி, இரண்டாம் நாள் அடைப்பைப் பிடுங்கக் கையையும் வைத்தார். கை வரவில்லை. இறுகாத பச்சைப் பூச்சில் தண்ணீரை இறக்கினால் முடி முடியாக வெடிப்பு விழும். நாற்பது வருஷமாக ஆட்களைத் திட்டித் திட்டி அவர் சொல்லிவந்த விஷயம் அது. தண்ணீர் கட்டுவது என்றால் கட்டியபடியே விடுவது. நடுவில் இறக்குகிறவன் கொத்தனாரே இல்லை. கூடவே இன்னொரு நினைப்பும் வந்து தோளில் கை போட்டது. அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், மீனுக்குக் குழாயில் பிடித்த புதுத் தண்ணீர் ஆகாது, நாள்பட நின்ற தண்ணீர்தான் ஆகும் என்று! இதுவும் நின்ற தண்ணீர்தானே? பூச்சும் இறுகும், தண்ணீரும் பழகும். தன் தொழிலையும் அவள் தொழிலையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டதாக அவருக்கு ஒரே சந்தோஷம். நின்ற தண்ணீர் எதில் நின்றது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் சிமெண்ட்டின் காரத்தில் விரலிடுக்கெல்லாம் வெந்து வெடித்த கை அது.

சாயங்காலம் வாடகை வீட்டுக்குப் போனதும் அவள் கேட்பாள்: "மாத்தியாச்சா?"

"ஒண்ணாச்சு."

அடுத்த நாள், "ரெண்டாச்சு." அதற்கடுத்து, "மூணு." பொய் என்னவோ ஒன்றுதான். அதை ஆறு துண்டாக நறுக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தம்பி தன் சரக்கு ஆட்டோவில் மூன்று டிரம்களோடு அக்காவை ஏற்றிவந்தான். வழியெல்லாம் அவள் முன்னால் உட்காராமல், பின்னால் டிரம்களைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தாள். இறங்கியதும் நேரே கொல்லைக்குப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டாள். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"என்னங்க வழவழங்குது? சோப்புத் தண்ணி மாதிரி."

"என் பூச்சுடி அது. பீங்கான்ல கை வச்சா சொரசொரன்னா இருக்கும்?"

"ஆறு தடவையும் மாத்துனீங்கல்ல?"

"இன்னும் எத்தனை தடவ கேப்ப? ஆறுன்னா ஆறு."

தம்பி சிரித்தான். "மாமா சொன்னா அரை நூல் தப்பாதுக்கா. விடு."

தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக டிரம்முக்குள் ஊற்றி மீன்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், உங்க அக்கா தாலாட்டு பாடி முடிக்கிறதுக்குள்ள சனம் வந்து திரும்பிப் போயிடும்போல" என்றார். அவள் ஒவ்வொன்றாய் இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே விட்டாள். மீன்கள் இறங்கியதும், பழைய வீட்டுப் பச்சைத் தண்ணீர் அசிங்கமாக இருக்கிறதென்று டிரம்களைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார் மேஸ்திரி.

ஒன்பதரைக்கெல்லாம் கொல்லை நிறைந்துவிட்டது. அண்ணன் குடும்பம், மகள், மருமகன், கூட வேலை பார்த்தவர்கள், ஒரு கட்டட காண்டிராக்டர். வெள்ளைத் தரையில் சிவப்பும் ஆரஞ்சுமாய் இருபத்திரண்டு மீன்.

"யோவ் ரசமட்டம், இது தொட்டியா, கண்ணாடியா?" என்றார் காண்டிராக்டர்.

"குனிஞ்சு பாருங்க. தலை சீவிட்டே போகலாம்."

"மீன் என்னப்பா இந்த ஆட்டம் ஆடுது?" என்றார் அண்ணன்.

"சொந்த வீடுண்ணே! வாடகை வீட்டுல இருந்தது இல்ல? அதான் துள்ளுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குண்டு மீன் துள்ளாது. ஒன்று சுவரோடு சுவராய்த் தேய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றின் உடம்பில் பால் ஆடை போல ஒரு வெள்ளைத் தோல் கிளம்பியிருந்தது. வாலின் நரம்புகள் சிவந்திருந்தன.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். அவர் கையில் டம்ளரோடு காண்டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்:

"என்னங்க, நெசமாச் சொல்லுங்க. எத்தனை தடவ?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காண்டிராக்டர் பார்த்தார். மருமகன் பார்த்தான்.

"ஆறு" என்றார்.

கூட்டத்தின் முன்னால் சொன்ன இந்தப் பொய்தான் மீன்களைக் கொன்றது. அவர் சொன்னால் சொன்னதுதான் என்று அவள் நம்பினாள். தண்ணீரில் குற்றமில்லையென்றால் வேறென்ன? காற்றுப் போதவில்லை, வந்த களைப்பு, வெயில். மகளிடம் ஒரு சேலையை நனைத்துத் தொட்டிக்கு மேலே கட்டச் சொன்னாள். தம்பியிடம் ஒரு குவளையைக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்து, அதே தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள், காற்று கலக்கட்டும் என்று. முக்கால் மணி நேரம் அந்தக் காரத்தையே கலக்கிக் கலக்கி மீன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று புரண்டு வயிறு மேலே வந்தது. பிறகு மூன்று.

மேஸ்திரி மச்சானை ஓரமாக இழுத்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"மச்சான், வண்டிய எடு. பழைய தொட்டித் தண்ணி... ரெண்டு டிரம் கொண்டு வா. சீக்கிரம்."

அவளுக்குக் கேட்டுவிட்டது. குவளை அப்படியே நின்றது.

"மாத்தவே இல்லையா?"

"பூச்சு வெடிச்சிடும்னு..."

"ஒரு தடவகூடவா?"

அவள் ஈரக் கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"என் கை சொல்லுச்சு. உங்க வாய நம்புனேன்."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தமில்லை, அழுகையில்லை. வந்தவர்கள் வந்த சுவடு தெரியாமல் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். காண்டிராக்டர் மட்டும் போகும்போது அவர் தோளைத் தட்டி, "வேற வாங்கிக்கலாம் மேஸ்திரி, மீன்தான்" என்றார். அவள் காதில் விழாமல் இருக்காது.

தம்பி தண்ணீரோடு வந்து சேர்ந்தபோது பதினேழு போயிருந்தன. மீதி ஐந்தைப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றினாள். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று போயின. அவர் கொல்லை ஓரத்தில் குழி வெட்டினார். இருபதையும் ஒரு துணியில் வரிசையாய் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாய் எடுத்து இறக்கும்போது அவள் உதடு அசைந்தது. எது எந்தத் தாயின் குஞ்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்போல. மண்ணைத் தள்ள அவர் மண்வெட்டியை நீட்டியதும் கையால் தடுத்துவிட்டுத் தானே தள்ளினாள்.

பிழைத்த இரண்டுக்கும் கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. தீனி மூக்கில் இடித்தால்தான் வாயைத் திறக்கும். அவை ஒரு டிரம்மிலேயே இருந்து, மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன.

மேஸ்திரி தொட்டியை ஆறு தடவை கொட்டி நிரப்பினார். ஏழாவதும் எட்டாவதும் நிரப்பினார். இரண்டு சாதா மீன் வாங்கி விட்டார். அவை கொழுத்துத் திரிந்தன. சுவரில் பாசிகூடப் பிடித்தது. "இப்ப நல்லா இருக்கு, வந்து பாரேன்" என்று கூப்பிட்டால், "சரி" என்பாள். வரமாட்டாள். தொட்டி அன்றும் ஒழுகவில்லை, இன்றும் ஒழுகவில்லை. பார்த்தவர்கள் பாராட்டத்தான் செய்கிறார்கள். அவர்தான் முன்போல வாயைத் திறப்பதில்லை.

அவள் கோபமாக இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சமைக்கிறாள், போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மகள் வந்தால் சிரிக்கவும் செய்கிறாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. வெளியே கிளம்பும்போது, "கதவப் பூட்டிட்டேன்" என்று அவர் சொல்வார். அவள் தலையாட்டிவிட்டு, இரண்டடி திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "மருந்து போட்டுக்கிட்டேன்" என்பார். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பாள். கண்டுபிடிக்க வேண்டும் என்று செய்வதில்லை. செய்கிறாள் என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ.

நேற்று அவர் வாசலிலிருந்தே சொன்னார்: "மோட்டார நிறுத்திட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள். அவரைக் கடந்து போய்ச் சுவிட்சின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். நிறுத்தித்தான் இருந்தது. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்க உட்கார்ந்தாள்.