ஷட்டர் கைப்பிடி

அணுமின் நிலைய அதிகாரி ஐயா, அன்றைக்கு மக்கள் கூட்டத்தில் நீங்கள் பதில் சொல்லாமல் தப்பித்தீர்கள். எங்கள் ஏ.இ. மேடம் உங்கள் மேசைமேல் ஒரு இரும்புக் கைப்பிடியை வைத்தார். வாய்க்கால் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் துருப்பிடித்த கைப்பிடி. அதைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

குடவாசல் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் நான் ஒயர்மேன். மேடம் உதவிப் பொறியாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த வருடம் ஆற்றுத் தண்ணீர் தாமதம். போர்வெல் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். தெற்கே காற்றாலைகள் சுற்றும்வரை மும்முனை கரண்ட் இருக்கும். காற்று நின்றால் மேலிருந்து போன் வரும், நான் பம்ப்செட் லைனை நிறுத்துவேன். என் வயலும் அதே லைன்தான். தொடர்ந்து பல நாள் நிறுத்தியதில் என் நாற்றும் கருகியது. கடைமடைக்காரர் ஒருவர் ஆபீஸ் வாசலில் நின்று, "ஏம்ப்பா, ஒன் நாத்தையும் நீயே கொன்னுட்டியா? நல்ல வேலக்காரன்யா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் மதகு பார்க்கும் லஸ்கரிடம் அந்தப் பழைய கைப்பிடியை வாங்கிவந்தார். "அண்ணே, மழை பேஞ்சா லஸ்கர் ஷட்டர எறக்குறாரு, விட்டா ஏத்துறாரு. காத்தும் வெயிலும் மழை மாதிரிதான். அணு உலைய மட்டும் எப்பவும் ஒரே அளவுல ஓட்டுறாங்க. அதுக்கும் கூட்டிக் கொறைக்க ஒரு கைப்பிடி வேணும்ணே. பிரான்ஸ்ல வச்சிருக்காங்க" என்றார்.

இதையே கூட்டத்தில் உங்களிடம் கேட்டார். "இருக்குற உலைல முடியலன்னா காரணம் சொல்லுங்க சார். புதுசா கட்டுறதுலயாவது வைப்பீங்களா? எழுதிக் குடுங்க."

"இது மதகு இல்லம்மா" என்றீர்கள். அது அவருக்குத் தெரியாதா? உலையை நினைத்த நொடியில் ஏற்றி இறக்க முடியாது என்று எனக்கே அவர்தான் சொன்னார். காற்று வீசும்போது இறக்கி வைத்து, அது நிற்கப்போவதை முதல்நாளே கணித்து மெல்ல ஏற்றினால் போதும் என்பதுதான் அவர் சொன்ன வழி. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. பிறகு அவருக்கு மாறுதல் வந்தது. போகும்போது கைப்பிடியை என்னிடம் கொடுத்து, "பதில் வர்ற வரைக்கும் வச்சிருங்கண்ணே" என்றார்.

இப்போது எங்கள் பக்கம் சோலார் பலகைகளும் வந்துவிட்டன. மேகம் மூடினாலும் போன் வருகிறது. இன்றும் நான்தான் லைனை நிறுத்துகிறேன், ஊரும் என்னைத்தான் திட்டுகிறது.

கைப்பிடியின் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதே மேசைமேல் வைப்பேன். இந்தமுறை சிரிக்காதீர்கள். முடியுமா, முடியாதா? மைக்கைப் பிடித்து ஊர் கேட்கச் சொல்லுங்கள்.