ட்ரிக்கர் வேலை செய்யல

எங்கள் நைனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மாட்டுவது அரசாங்கம். அப்புறம் கரண்ட் ஆபீஸ். அதற்கும் அப்புறம்தான் நான். அன்றைக்குப் போனில் மாட்டியிருந்தது போலீஸ் ஸ்டேஷன்.

"பிஸ்டல கெடுத்துட்டானுங்கம்மா. எலெக்‌ஷனுக்குன்னு வாங்கி வெச்சானுங்க இல்ல? இப்ப ட்ரிக்கர் வேலை செய்யல. இழுத்தா வரவே மாட்டேன்னுது."

தேர்தல் வந்தால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நைனாவிடம் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து மிலிட்டரி ரிவால்வர். எங்கள் தாத்தா பட்டாளத்தை விட்டு வந்தபோது முறையாக வாங்கியது. அவருக்குப் பிறகு லைசென்ஸ் நைனா பேருக்கு மாறியது. எனக்குத் தெரிந்து அது ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. தோட்டாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆயுத பூஜை அன்று டிராக்டருக்கும் பம்புசெட் மோட்டாருக்கும் வைக்கிற குங்குமத்தில் அதற்கும் ஒரு பொட்டு. பூஜை முடிந்ததும் நைனா அதை வானத்தைப் பார்த்துப் பிடித்து, டிக் டிக்கென்று வெறுமனே அடித்துக் காட்டுவார். அவ்வளவுதான் அதன் வீரம்.

அம்மா போன பிறகு அந்தத் துப்பாக்கிக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. புத்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்கு நடுவில் தனியாக இருக்கிற மனுஷனை, திருப்பதிக்கு என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்.

"எனக்கு இன்னா பயம்? பிஸ்டல் கீது."

"தோட்டா இல்லாத பிஸ்டல வெச்சுகினு திருடன் தலைல போடுவியா?"

"தோட்டா இல்லன்னு திருடனுக்கு யார் சொன்னாங்க? நீ சொல்லாம இருந்தா போதும்."

இவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா? அதனால் ட்ரிக்கர் கெட்டுவிட்டது என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குஷிதான். சித்தூரில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற லைசென்ஸ் கடை ஒன்று இருந்தது. கூட்டிக்கொண்டு போகிறேன், ஆனால் ரிப்பேர் ஆகவில்லை என்றால் மூட்டை முடிச்சோடு என்னுடன் வந்துவிட வேண்டும் என்றேன்.

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் நைனா. சத்தியம்."

"அப்பறம் பேச்சு மாறக் கூடாது" என்றார்.

சனிக்கிழமை காலையில் திருப்பதியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். நைனா வெள்ளைச் சட்டை வேட்டியில், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வாசலில் தயாராக நின்றிருந்தார். ரிவால்வர் துணிப்பையில், லைசென்ஸ் புத்தகம் பாலிதீன் கவரில். கார்வேட்டிநகரம் தாண்டுகிற வரைக்கும் ஸ்டேஷன்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். ஈரத்தில் போட்டிருப்பார்கள், எலி மூத்திரம் பெய்திருக்கும், எவனாவது பிள்ளைக்கு விளையாடக் கொடுத்திருப்பான். நான் "உம்" கொட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன். பழைய இரும்பு, ஸ்பேர் கிடைக்காது, கடைக்காரர் கையை விரிப்பார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

கடைக்காரர் ஐம்பது வயசுக்காரர். முதலில் லைசென்ஸைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரல் விட்டும் பார்த்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பழைய எண்ணெய் பிசின் மாதிரி கொஞ்சம் இறுகியிருந்தது. அதைத் துடைத்து, புது எண்ணெய் விட்டார். ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் நீட்டி ட்ரிக்கரை இழுத்தார். டிக். மறுபடி இழுத்தார். டிக், டிக்.

"பாகானே உந்தி பெத்தாயனா. இதுக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் நூறு வருஷம் வரும்" என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நைனா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கினார்.

சுவரைப் பார்த்துப் பிடித்து இழுத்தார். ட்ரிக்கர் அசையவில்லை. மறுபடி இழுத்தார். ஆள்காட்டி விரல் மடங்கியது, நடுங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. ரெண்டு விரலை விட்டார். இடது கையையும் சேர்த்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. டிக் சத்தம் வரவே இல்லை.

ஐயோ, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைக்காரருக்கும் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று துப்பாக்கியை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"பழைய சரக்கு இல்லியா, ஸ்பிரிங் கொஞ்சம் டைட்டா கீது. வெச்சுட்டுப் போங்க, நான் லூஸ் பண்ணித் தரேன்" என்றார்.

அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. "ஆமாம் நைனா, ஸ்பிரிங்தான்" என்று நானும் பின்பாட்டுப் பாடினேன். பந்தயத்தில் தோற்றாலும் பரவாயில்லை, இவர் முகம் இப்படி ஆக வேண்டாம் என்று இருந்தது.

நைனா ரெண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீ நல்லா இருப்பா. இத நீயே வெச்சுக்க. வித்துத் தர்றதோ, கவர்மென்ட்ல ஒப்படைக்கறதோ, என்ன பேப்பர் வேணுமோ சொல்லு. கொண்டாந்து தரேன்" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போதைக்குக் கடையில் ஒப்படைத்ததாக ரசீது எழுதிக் கொடுத்தார்.

காருக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. நைனாதான் பேசினார்.

"எனக்குத் தெரியும்மா. தப்பு பிஸ்டல் மேல இருந்தா தேவலைன்னு பாத்தேன். கை ஒடிஞ்சவன்லாம் கட்டு கட்டிக்க ஊர் ஊரா நம்ம புத்தூருக்கு வர்றான். நான் இன்னாடான்னா என் கைய காட்ட சித்தூருக்கு வந்துகினு கீறேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஜெயித்தது நான்தான். ஆனால் எனக்கு அந்த ஜெயிப்பு வேண்டவே வேண்டாம். தோப்பும் வேப்ப மரமும் இல்லாமல் என் மூன்றாவது மாடி வீட்டில் இவர் என்ன செய்வார் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன்.

"நைனா, பந்தயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கைய டாக்டர்கிட்ட காட்டலாம். நீ உன் வூட்லயே இரு. நான் வாரா வாரம் வர்றேன்" என்றேன்.

நைனா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கே இத சொல்லியிருந்தா குதிச்சிருப்பேன் கண்ணு. இப்ப தனியா இருக்க முடியாது. காலைல நீ வர்றதுக்கு முன்னாடி பக்கத்துத் தோப்புக்காரன் வந்து இந்தச் சட்டைக்கு பொத்தான் போட்டுட்டுப் போனான். தினமும் அவன்தான் வர்றான்."