முப்பத்தெட்டு வீட்டுக் கையெழுத்து

தையல்காரம்மாவின் வீட்டு முன்னறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் தையல் மெஷின், மற்றதில் தெரு. விளக்கு எரியாத புகார், குப்பை வண்டி வராத புகார், பக்கத்து வீட்டு மரக்கிளை தன் ஜன்னலை எட்டிப் பார்ப்பதாக ஒரு புகார் என்று எல்லாம் அந்த இரண்டாவது மேசையில்தான் குவிந்து கிடந்தன. சீருடைச் சட்டைக்குக் காஜா எடுக்க அவர் ஊசியில் நூல் கோர்க்கும் நேரம் பார்த்துத்தான் யாராவது வாசலில் நின்று, "செக்ரட்டரி இருக்காங்களா?" என்பார்கள். ஆறு வருடங்களாக அவர் இல்லாமல் போனதே இல்லை.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக அவர் ஆனதே ஒரு விபத்து. அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவருக்கு அடுப்பில் பால் நினைவுக்கு வந்தது, இன்னொருவருக்கு அவசர போன், மூன்றாமவருக்குத் திடீர் முதுகுவலி. பாதி அறை காலியானபோது தையல்காரம்மா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பொதுநலம் ஒன்றும் இல்லை. மேசை விரிப்பின் ஓரம் பிரிந்திருந்தது, கை சும்மா இருக்காமல் அதைத் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்து நிமிர்ந்தால் எல்லோரும் கை தட்டினார்கள்.

இந்தத் திங்கட்கிழமை காலை அவருக்கு ஒரு போன் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கட்டிங் மாஸ்டர். பஸ்ஸில் எட்டு மணி நேரத் தொலைவில் இப்போது வேறொரு பெரிய இடத்தில் இருக்கிறார்.

"கட்டிங் செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் வேணும்மா. நாப்பது பேர் உங்களுக்குக் கீழ. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியும்னு சொல்லிவச்சிருக்கேன். அடுத்த திங்கக்கிழமை காலைல வந்து நிக்கணும். நீங்க இல்லன்னா வேற ஆள் ரெடி."

இருபத்திரண்டு வருடங்களாகக் காஜாவும் பொத்தானுமாக ஓடிய கை. நீண்ட மேசையில் நூறு அடுக்குத் துணியை விரித்து ஒரே இழுப்பில் வெட்டும் வேலையை அவர் கனவில்கூடச் செய்திருக்கிறார். பஸ் ஓட்டும் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்ட தட்டிலிருந்து கையை எடுக்காமல், "போ. நான் அந்தப் பக்கம் மாத்தல் கேட்டு வாங்கிட்டு வர்றேன்" என்றார். வீட்டில் தடை இல்லை. தடை தெருவில் இருந்தது, அதைக் கட்டியதும் அவரேதான்.

விஷயம் மழைநீர் வடிகால். தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்ல மழை என்றால் மொத்தத் தண்ணீரும் கடைசி வீட்டில்தான் போய் இறங்கும். அங்கே படுத்த படுக்கையாக ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். போன மழைக்கு அவர் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அதற்கும் மேலே தண்ணீர் வந்தது. நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து இறக்கிய இடம் தையல்காரம்மாவின் முன்னறை.

வடிகாலுக்கு விண்ணப்பிக்கப் போனால், முந்தைய செயலாளர் சங்கத்தின் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. புதுப்பிக்க ஒரு வருடம் ஆகுமாம். அதற்குப் பொறுமை இல்லாத தையல்காரம்மா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்: தன் சொந்தப் பெயரில், தன் கதவு எண்ணில், தெருவாசி என்ற முறையில் விண்ணப்பம் போட்டுவிட்டார். கூடவே முப்பத்தெட்டு வீட்டுக் கையெழுத்து. அதில் பத்தாம் எண் வீட்டின் மாடியிலும் கீழேயும் குடியிருக்கும் அண்ணன் தம்பிகள் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. ஒருவர் போட்ட தாளில் மற்றவர் போட மாட்டார். ஆளுக்கொரு தாளில் வாங்கி, அடுத்தடுத்துப் பின் குத்திக் கொடுத்தார். அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தை எண்ணித் தானே சிரித்துக்கொண்டவர் அவர்.

செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலக எழுத்தர் கோப்பைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது சங்கத்து மனு இல்லீங்களே, உங்க மனு. நீங்க ஊரைவிட்டுப் போனா கோப்பு மூடிடும்."

"அப்புறம்?"

"புது மனு போடணும். இப்ப வரிசையில நாலாவதா இருக்கீங்க, மூணு மாசத்துல தோண்டிடுவாங்க. புதுசா போட்டா நூத்தி முப்பதாவது."

"வேற வழியே இல்லையா சார்?"

"பேர் மாத்தலாம். கோப்பை ஏத்துக்க அந்தத் தெருவுல ஒருத்தர் வரணும், அவர் பேரைப் போட்டு முப்பத்தெட்டு வீடும் மறுபடி கையெழுத்துப் போடணும். அப்ப வரிசை மாறாது."

புதன் முதல் சனி வரை வீடு வீடாக ஏறி இறங்கினார். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்ட தாள். காலியாக இருந்ததாலேயே எல்லோரும் சந்தோஷமாகப் போட்டார்கள். "போய்ட்டு வாங்க செக்ரட்டரி, நல்லா இருங்க" என்று வாழ்த்தினார்கள். முப்பத்தாறு கையெழுத்து. அண்ணன் தம்பி மட்டும், "யார் பேர்னு தெரியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்கள், தனித்தனியாக.

ஞாயிறு காலை தெருமுனை டியூஷன் சென்டரில் சிறப்புக் கூட்டம். சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் தாளை உயர்த்திப் பிடித்தார்.

"ஒரே ஒரு பேர் வேணும். வேலை ஒண்ணும் இல்ல, ஆபீஸுக்கு நாலு நடை. யாரு?"

 தரையில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

கடைசியில் பத்தாம் எண் கீழ்வீட்டுத் தம்பி எழுந்தார். "சரி, நான் எடுத்துக்கறேன்."

தையல்காரம்மாவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

"அவர் பேர்ல இருந்தா என் கையெழுத்து கிடையாது," என்றார் மாடிவீட்டு அண்ணன், கூரையைப் பார்த்து. "வேணும்னா நான் எடுக்கறேன்."

"அவர் எடுத்தா நான் போட மாட்டேன்," என்றார் தம்பி, தலைவரைப் பார்த்து.

"ரெண்டு பேரும் வேணாம்," என்று தையல்காரம்மா கெஞ்சினார். "மூணாவதா யாராவது வாங்களேன். நான் போன்ல கூடவே இருக்கேன். என்ன பேசணும்னு எழுதிக் குடுத்துடறேன்."

முன் வரிசையில் நர்ஸின் மகள் இருந்தாள். கடை வேலைக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓடி ஓடிக் கன்னம் ஒட்டிப்போனவள். அவளைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள்: "நான் கட்டிலுக்கு இன்னும் ரெண்டு வரிசை கல்லு சொல்லிவச்சிருக்கேன்க்கா. நீங்க யோசிக்காதீங்க."

அந்தக் கடைசிச் சொல்தான் தையல்காரம்மாவை உட்கார வைத்தது.

அப்போது நடந்ததைத்தான் தெரு இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாடிவீட்டு அண்ணன் கூரையிலிருந்து பார்வையை இறக்கித் தம்பியை நேராகப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"டேய். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அவங்களே இருக்கட்டும்டா."

தம்பியும் அவரை நேராகப் பார்த்தார். "சரிண்ணே."

கைதட்டல் கூரையைத் தொட்டது. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இந்தச் சங்கம் இல்லன்னா இது நடக்குமா!" என்றார் ஒருவர். அண்ணன் தம்பியைச் சுற்றி ஒரு கும்பல் கூடியது. முப்பத்தாறு கையெழுத்துத் தாளைப் பிடித்துக்கொண்டு தையல்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார்.

தலைவர் தீர்மானப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். வழக்கம்போல அவர் சொல்ல, இவர் எழுத வேண்டும்.

"எழுதுங்கம்மா. உறுப்பினர்களின் வேண்டுகோளை ஏற்று, செயலாளர் முழு மனதுடன் பொறுப்பில் தொடர்கிறார்."

பேனா ஓடியது, நின்றது. தலைவர் எட்டிப் பார்த்தார்.

"முழு மனதுடன் விட்டுப்போச்சே."

"விட்டுப்போகலங்க. எழுதல."

"ஒரு மரியாதைக்குத்தானம்மா."

"மழை பேஞ்சு வடிகால்ல தண்ணி ஓடற அன்னிக்கு எழுதறேன். இப்ப இருக்கறத மட்டும் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். டியூஷன் சென்டரைப் பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். போட்டார்.

வெளியே வந்து சுவரோரம் நின்று தையல்காரம்மா போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே கட்டிங் மாஸ்டர் எடுத்துவிட்டார்.

"பஸ் ஏறியாச்சாம்மா?"

"மாஸ்டர், நாளைக்கு வர முடியல. அந்த ஆளையே போட்டுருங்க."

 "உடம்புக்கு ஏதாவது?" என்றார் மாஸ்டர்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எப்ப வருவீங்க?"

இருபதாம் எண் வீட்டுக்காரர் நாலடி தள்ளி, பேசி முடிக்கட்டும் என்று பவ்யமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"தெரியல மாஸ்டர்," என்றார் தையல்காரம்மா. "இங்க வரிசை நிக்குது."